கார்கசோனில் கதீட்ரல் டைல்களைச் சேர்த்து விளையாட: முதல்முறைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

டைல்களை ஒட்டி ஒட்டி நிலப்பரப்பை உருவாக்கும் பலகை ஆட்டமான கார்கசோனின் முதல் பெரிய விரிவாக்கமான ‘இன்ஸ் அண்ட் கதீட்ரல்ஸ்’ பெட்டியில் 18 டைல்கள் இருக்கின்றன. அவற்றில் கதீட்ரல் டைல்கள் இரண்டே இரண்டு. ஆனால் அந்த இரண்டும் பைக்குள் இருக்கிறபோது நகரம் கட்டும் கணக்கு முழுக்க மாறிவிடும். மூடினால் டைலுக்கு 3 புள்ளி, மூடாவிட்டால் பூஜ்யம். விதி ஒரு வரிதான், தவறுகள் நடப்பதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

அடிப்படை ஆட்டத்தை இரண்டு மூன்று முறையாவது ஆடியவர்களை நினைத்து எழுதியது இது. நகரம், சாலை, மடாலயம், வயல் ஆகியவற்றுக்குப் புள்ளி போடத் தெரிந்தால் போதும்.

1. எந்தப் பெட்டி, எந்தப் பதிப்பு என்று முதலில் பாருங்கள்

கார்கசோனின் அடிப்படை ஆட்டம் 2000-இல் வந்தது. படங்களை மாற்றி 2014-இலும் 2021-இலும் புதிய பதிப்புகள் வந்தன. டைலின் அளவு எல்லாவற்றிலும் ஒன்றுதான், பக்கத்துக்கு சுமார் 45 மில்லிமீட்டர். பழைய அடிப்படைப் பெட்டியோடு புதிய விரிவாக்கம் பொருந்தும், ஆடலாம். ஆனால் படம் ஒட்டாது. பின்பக்க நிறமும் அச்சுக்கு அச்சு சற்று மாறலாம். டைல்களைக் கவிழ்த்து அடுக்கி வைத்து ஆடுகிறவர்களுக்கு இது நிஜமான பிரச்சினை, ஏனென்றால் நிற வித்தியாசத்தை வைத்தே அடுத்து வருவது விரிவாக்க டைல் என்று யாரும் சொல்லிவிடலாம். கை நுழையும் அளவுக்கு ஒரு துணிப்பை இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்தது.

வாங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். உங்களிடம் இருப்பது ‘பிக் பாக்ஸ்’ தொகுப்பு என்றால் இந்த விரிவாக்கம் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பட்டியலைப் படியுங்கள், இல்லையென்றால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை செலவு. அடுத்தது, ஜெர்மனியின் கதீட்ரல்களைப் படமாகப் போட்ட ஒரு குட்டி விரிவாக்கம் தனியாக உண்டு. அது வேறு, இது வேறு. அதற்கான விதிகள் அதனுடன் வரும் தாளில் இருக்கின்றன. இங்கே சொல்லும் கணக்குகள் அதற்குப் பொருந்தாது.

2. பெட்டியைத் திறந்ததும் எண்ணுங்கள்

டைல்களை அட்டையிலிருந்து பிரித்ததும் அடிப்படை டைல்களோடு கலந்துவிடாதீர்கள். முதலில் தனியாக எண்ணுங்கள்:

- 18 நில டைல்கள். இவற்றில் 2 கதீட்ரல், 6 ஏரிக்கரை விடுதி.
- 6 பெரிய மீப்பிள்கள் (மீப்பிள் என்பது ஆட்டக்காரரின் ஆள் வடிவக் காய்), நிறத்துக்கு ஒன்று.
- ஆறாவது ஆட்டக்காரருக்கான 8 சாதாரண மீப்பிள்கள். பழைய பதிப்பில் இவை சாம்பல் நிறம், புதியவற்றில் இளஞ்சிவப்பு.
- 50, 100 என்று அச்சிட்ட 6 புள்ளி அட்டைகள்.

எண்ணி முடித்ததும் 18 டைல்களையும் மேசையில் பரப்பி ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதனால் இரண்டு பயன். பிறகு பிரித்து எடுக்க வேண்டி வந்தால் எவை விரிவாக்க டைல்கள் என்று தெரியும். அதைவிட முக்கியமானது, அடிப்படை ஆட்டத்தில் இல்லாத எந்தெந்த வடிவங்கள் இங்கே இருக்கின்றன என்று ஆட்டத்துக்கு முன்பே பார்த்துவிடலாம். ஏழாம் படியில் இது கைகொடுக்கும்.

3. விதித்தாள் ஒன்றே ஒன்று இருக்கட்டும்

வெவ்வேறு பதிப்புகளின் விதித்தாள்களைச் சேர்த்துப் படிப்பதுதான் மேசையில் சண்டைக்கு முதல் காரணம். வயலுக்குப் புள்ளி போடும் முறை பதிப்புக்குப் பதிப்பு மாறியிருக்கிறது. இப்போதைய விதிப்படி, ஒரு வயலைத் தொடும் முழுமையான நகரம் ஒவ்வொன்றுக்கும் 3 புள்ளி. மிகப் பழைய தாள்களில் கணக்கு வேறு. உங்களிடம் இருப்பவற்றில் புதிய தாள் எதுவோ, அதை மட்டும் மேசையில் வையுங்கள், மற்றவை பெட்டிக்குள் போகட்டும்.

4. கலக்குங்கள், முறைகளைக் கணக்கிடுங்கள்

அடிப்படை 72 டைல்களில் ஒன்று தொடக்க டைல்; அது மேசையில் இருக்கும். மீதி 71. அவற்றோடு 18 சேர்ந்தால் பையில் 89. ஆட்ட நேரம் ஏறக்குறைய கால் பங்கு கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நதி டைல்களையும் சேர்க்கிறீர்கள் என்றால் அவற்றைப் பையில் போடாதீர்கள், வழக்கம்போல அவை முதலில் தனியாக வைத்து முடிக்கப்பட வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் எத்தனை முறை (டைல் வைக்கும் வாய்ப்பு) கிடைக்கும் என்பது கதீட்ரல் விஷயத்தில் உயிர்நாடி. 89 டைல்களுக்கு:

- 2 பேர்: 44 அல்லது 45 முறை
- 3 பேர்: 29 அல்லது 30
- 4 பேர்: 22 அல்லது 23
- 5 பேர்: 17 அல்லது 18
- 6 பேர்: 14 அல்லது 15

ஆறு பேர் ஆடலாம் என்று பெட்டி சொல்வது உண்மைதான். ஆனால் முதல்முறை ஆறு பேரை உட்கார வைக்காதீர்கள். ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவே ஐந்து பேர் யோசிப்பார்கள், போதாததற்கு 14 முறைக்குள் ஒரு கதீட்ரல் நகரத்தை எழுப்பி மூடுவதே அபூர்வம். மூன்று பேர் அல்லது நாலு பேர் சரியான எண்ணிக்கை.

ஆளுக்குக் கிடைக்கும் மீப்பிள்கள்: சாதாரணம் 8, அதில் ஒன்று புள்ளிப் பலகையில் ஓடும். கையில் 7. அதோடு ஒரு பெரிய மீப்பிள்.

5. கதீட்ரல் விதி: இதை மனப்பாடம் செய்துவிடுங்கள்

கதீட்ரல் டைலின் நான்கு பக்கமும் நகரம். அதில் கேடயம் (நகரத்துக்குக் கூடுதல் புள்ளி தரும் சின்னம்) கிடையாது.

கதீட்ரல் உள்ள நகரம் மூடப்பட்டால் டைலுக்கு 3, கேடயத்துக்கு 3. ஆட்டம் முடியும்போது மூடாமல் கிடந்தால் ஒன்றுமே இல்லை. டைலுக்கும் இல்லை, கேடயத்துக்கும் இல்லை. சாதாரண நகரத்துக்கு மூடினால் 2, மூடாவிட்டால் 1 என்பதை நினைவில் வைத்து ஒப்பிடுங்கள். 8 டைலும் 2 கேடயமும் உள்ள நகரம் சாதாரணமாக 20 புள்ளி, மூடாவிட்டால் 10. அதே நகரத்தின் 8 டைல்களில் ஒன்று கதீட்ரல் என்றால் 30 அல்லது 0.

கதீட்ரல் நகரம் 5 டைல்களுக்குக் குறைந்து மூடவே முடியாது. நான்கு பக்கத்துக்கும் தனித்தனி அண்டை டைல் வேண்டும் அல்லவா? ஆகவே மிகச் சிறிய கதீட்ரல் நகரத்துக்கே 15 புள்ளி.

புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடங்கள் இவை.

கதீட்ரல் மடாலயம் அல்ல. டைலின் நடுவில் ஒரு கோவில் படம் இருப்பதால் மீப்பிளை அதன் மேல் துறவியாக வைத்து, சுற்றி எட்டு டைல் வந்ததும் 9 புள்ளி கேட்பவர்கள் உண்டு. அது முடியாது. அங்கே வைக்கப்படும் மீப்பிள் நகரத்தின் வீரர் மட்டுமே. புதிய பதிப்பில் உள்ள மடாதிபதி மீப்பிளையும் கதீட்ரலில் வைக்க முடியாது.

இரண்டு கதீட்ரலும் ஒரே நகரத்தில் வந்தால் டைலுக்கு 6 ஆகாது. அப்போதும் 3-தான். இரண்டாவதைச் சேர்ப்பதால் கிடைப்பது ஒரு டைலுக்கான 3 புள்ளி, கூடவே புதிய திறப்புகள் (இன்னும் அடைக்கப்படாத நகரப் பக்கங்கள்).

ஏற்கெனவே ஒருவரின் வீரர் நிற்கும் நகரத்தில் கதீட்ரலை ஒட்டினால், அதில் உங்கள் மீப்பிளை வைக்க முடியாது. ‘புது டைல்தானே’ என்ற வாதம் செல்லாது. நகரம் ஒன்றுதான், அதில் ஆள் இருக்கிறார்.

கடைசியாக, எடுத்த டைலை வைக்க ஓர் இடமாவது இருந்தால் வைத்தே ஆக வேண்டும். கதீட்ரலை வைக்கத் திறந்த நகரப் பக்கம் ஒன்றாவது வேண்டும். மேசையில் அப்படி எங்குமே இல்லை என்றால்தான் அதை ஒதுக்கிவிட்டு வேறு எடுக்கலாம். இதில் ஒரு கண்ணி இருக்கிறது: மேசையில் திறந்திருக்கும் ஒரே நகரம் உங்களுடையது என்றால், ஆட்டத்தின் கடைசியில் வந்த கதீட்ரலை உங்கள் கையாலேயே உங்கள் நகரத்தில் வைக்க நேரும்.

6. உங்கள் நகரத்தில் போடலாமா?

வெறும் ஆசையில் முடிவு செய்யாதீர்கள். கணக்கு எளிது. ஒரு நகரத்தின் டைல், கேடயம் மொத்தத்தை ‘அலகு’ என்று வைத்துக்கொள்வோம். கதீட்ரல் இல்லாமல் மூடினால் அலகுக்கு 2, மூடாவிட்டால் 1. கதீட்ரலோடு 3 அல்லது 0. மூடும் வாய்ப்பு சரிபாதி என்றால் இரண்டு வழியிலும் சராசரி ஒன்றேதான்: அலகுக்கு ஒன்றரை. பாதிக்கு மேல் என்றால் கதீட்ரல் லாபம், கீழே என்றால் நஷ்டம்.

ஆனால் இங்கே ஒரு சூட்சுமம். பார்க்க வேண்டியது கதீட்ரலை வைத்த பிறகு உள்ள வாய்ப்பை. ஒரு பக்கத்தை ஒட்டி வைத்தால் அது மூன்று புதிய திறப்புகளை உண்டாக்குகிறது. 4 டைல் நகரம், ஒரே ஒரு திறப்பு பாக்கி என்று வையுங்கள். அடைக்கும் டைல் ஒன்று வந்தால் 5 டைல், 10 புள்ளி. வராவிட்டாலும் 4 புள்ளி கையில். அந்தத் திறப்பில் கதீட்ரலை வைத்தால் இப்போது 5 டைல், 3 திறப்பு. மூன்றையும் ஒவ்வொரு டைலால் அடைத்தால் 8 டைல், 24 புள்ளி. ஒன்று தவறினாலும் பூஜ்யம். கிட்டத்தட்ட உறுதியான 10 எங்கே, மூன்று கதவையும் சாத்தினால்தான் வரும் 24 எங்கே!

எனவே ஒரு தோராயக் கணக்கு. அடிப்படை ஆட்டத்தில் பையிலுள்ள 71 டைல்களில், ஒரு பக்கம் மட்டும் தொடும் திறப்பை அடைக்கக்கூடியவை 22. ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. ஆகவே ஒரு திறப்புக்கு உங்களுடைய மூன்று முறைகள் செலவாகும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பையில் மீதமுள்ள டைல்களை ஆட்டக்காரர் எண்ணிக்கையால் வகுத்தால் உங்களுக்கு மிச்சமுள்ள முறைகள் வரும். கதீட்ரலை வைத்த பிறகு இருக்கும் திறப்புகளை மூன்றால் பெருக்குங்கள். மிச்சமுள்ள முறைகள் அதைவிட அதிகம் என்றால் வையுங்கள், குறைவென்றால் வேண்டாம். நாலு பேர் ஆட்டத்தில் 60 டைல் மிச்சம் இருந்தால் உங்களுக்கு 15 முறை, மூன்று திறப்புக்கு 9 தேவை, வைக்கலாம். 28 டைல்தான் மிச்சம் என்றால் 7 முறை, வைக்காதீர்கள்.

இந்தக் கணக்கு மற்றவர்கள் உங்களுக்கு உதவவும் மாட்டார்கள், கெடுக்கவும் மாட்டார்கள் என்ற அனுமானத்தில் நிற்கிறது. இரண்டு பேர் ஆட்டத்தில் எதிராளி நிச்சயம் கெடுப்பார். அங்கே மூன்றுக்குப் பதில் நாலால் பெருக்குங்கள்.

கதீட்ரல் நகரத்தின் இன்னொரு செலவு மீப்பிள். மூடும்வரை அந்த ஆள் திரும்பி வரமாட்டார். கையில் ஒன்றிரண்டு மீப்பிள்தான் மிச்சம் என்ற நிலையில் கதீட்ரலை வைத்தால், அதற்காகக் காத்திருக்கும் பத்து முறைகளில் சிறிய சாலைகளும் நகரங்களும் கைநழுவும்.

கதீட்ரல் கொடுக்கும் மிக இனிப்பான வாய்ப்பு ஒன்றும் உண்டு. நான்கு பக்கமும் உங்கள் நகரமே சூழ்ந்த ஓட்டை. அதில் கதீட்ரல் விழுந்தால் புதுத் திறப்பே இல்லை, வேறு திறப்பும் இல்லையென்றால் அந்த நொடியிலேயே டைலுக்கு 3. ஆனால் அதற்காக ஓட்டையை வேண்டுமென்றே உண்டாக்கிக் காத்திருப்பது அசட்டுத்தனம். அடிப்படை ஆட்டத்தில் நான்கு பக்கமும் ஒரே நகரமாக உள்ள டைல் ஒன்றே ஒன்றுதான்.

7. திறப்புகளைச் சரியாக விடுங்கள்

கதீட்ரல் நகரம் மூடாமல் போவதற்கு அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ளும் பலர், அடைக்க டைலே இல்லாத ஓட்டையைத் தாங்களே உண்டாக்கியிருப்பார்கள். பையிலுள்ள அடிப்படை 71 டைல்களின் நகரப் பக்கங்கள் இப்படி:

- ஒரு பக்கம் மட்டும் நகரம்: 17
- அடுத்தடுத்த இரண்டு பக்கம்: 12 (இவற்றில் 2-இல் அவை தனித்தனி நகரங்கள்)
- எதிரெதிர் இரண்டு பக்கம்: 6 (இவற்றில் 3-இல் தனித்தனி)
- மூன்று பக்கம்: 7
- நான்கு பக்கம்: 1
- நகரமே இல்லாதவை: 28

ஒரு பக்கம் மட்டும் தொடும் திறப்புக்கு 22 என்று சொன்னது, அந்த 17-உம் தனித்தனி நகரங்கள் கொண்ட 5-உம் சேர்ந்தது. இதிலிருந்து கிடைக்கும் முதல் பாடம்: நகரத்தை நீட்டமாக வளர்த்து, திறப்புகள் ஒன்றையொன்று தொடாதபடி விடுங்கள். வளைத்துக்கொண்டே போனால் இரண்டு திறப்புகள் ஒரே கட்டத்தில் சந்திக்கும். அப்போது 22 என்பது 12 ஆகும், எதிரெதிராகச் சந்தித்தால் 6. மூன்று பக்கம் சூழ்ந்தால் 7.

இரண்டாவது பாடம் இன்னும் கூர்மையானது. திறப்புக் கட்டத்தின் மற்ற பக்கங்களில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நகரத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் சாலை என்றால் 22-இல் 9 மட்டுமே பொருந்தும். எதிர்ப்பக்கம் வயல் என்றால் 10. கட்டத்தின் மற்ற மூன்று பக்கமும் நிரம்பி, அதில் ஒன்றே ஒன்று சாலை, மற்ற இரண்டும் வயல் என்றால்? அடிப்படை ஆட்டத்தில் அப்படி ஒரு டைலே கிடையாது. ஒற்றை நகரப் பக்கமுள்ள டைல்களில் சாலைப் பக்கங்கள் இல்லாமல் இருக்கும், அல்லது இரண்டு, அல்லது மூன்று. ஒன்று மட்டும் என்பது இல்லை. அதேபோல் அடுத்தடுத்த இரண்டு நகரப் பக்கமும் ஒரே ஒரு சாலையும் கொண்ட டைலும் இல்லை. எதிரெதிர் நகரப் பக்கங்கள் கொண்டவற்றில் சாலையே கிடையாது.

விரிவாக்கத்தின் 18 டைல்களில் இந்த வெற்றிடங்களை நிரப்புபவை ஏதாவது உண்டா என்று, இரண்டாம் படியில் எடுத்த போட்டோவைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் அவை ஒன்றிரண்டாகத்தான் இருக்கும். ஒற்றை டைலை நம்பி 24 புள்ளியைத் தொங்கவிட வேண்டாம்.

நடைமுறையில் செய்ய வேண்டியது இதுதான். உங்கள் திறப்பின் பக்கவாட்டுக் கட்டத்தில் யாராவது ஒரு சாலை டைலை வைத்து, சாலை உங்கள் திறப்பை நோக்கி வந்தால், அடுத்த உங்கள் முறையிலேயே அந்தத் திறப்பை அடைக்கப் பாருங்கள். இன்னொரு பக்கமும் நிரம்பிவிட்டால் ஓட்டை செத்துப்போகலாம்.

8. எதிராளியின் நகரத்தில் வைப்பது

கதீட்ரலுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. நாகரிகம் பார்ப்பவர்களும் மூன்றாவது ஆட்டத்துக்குள் இதைச் செய்யத் தொடங்கிவிடுவார்கள்.

எதிராளி 6 டைல் நகரத்தை மூடக் காத்திருக்கிறார், பையில் 15 டைல் மிச்சம். அங்கே கதீட்ரலை வைத்தால் மூடாவிட்டாலும் கிடைக்கவிருந்த 6 புள்ளியும் போய்விடும். புதிதாக மூன்று திறப்பு. அந்த ஆட்டத்தில் அவரால் மூட முடியாது என்றே சொல்லலாம். மாறாக ஆட்டத்தின் தொடக்கத்தில் இதைச் செய்தால் அவருக்கு நீங்களே பரிசு கொடுக்கிறீர்கள். தொடக்கத்தில் எடுத்த கதீட்ரலுக்கு வேறு நல்ல இடமில்லை என்றால், யாருடைய ஆளும் இல்லாத ஒரு சிறிய நகரத் துண்டில் ஒட்டி உங்கள் மீப்பிளை வையுங்கள். மூன்று திறப்பும் இருபது முறையும் இருந்தால் அது நல்ல பேரம்.

தற்காப்பு: பை பாதிக்குமேல் காலியாகியும் கதீட்ரல்கள் வெளியே வரவில்லை என்றால் பெரிய நகரத்தைத் திறந்து வைக்காதீர்கள். இது அபூர்வமும் அல்ல. 89-இல் 44 டைல்கள் வெளிவந்த பிறகும் இரண்டு கதீட்ரலும் உள்ளேயே இருக்கும் வாய்ப்பு சுமார் 25 சதவீதம். ஒரு திறப்புதான் பாக்கி என்ற நிலையில், 10 புள்ளிக்கு மூடுவதா, இன்னும் ஒரு டைல் வளர்த்து 12 வாங்குவதா என்ற கேள்வி வந்தால், மூடிவிடுங்கள்.

மூன்று பேருக்கு மேல் ஆடும்போது எதிராளியே கூட்டாளியாகலாம். இரண்டு பேர் ஒரே நகரத்தில் சமமாக இருந்தால் இருவருக்கும் முழுப் புள்ளி, பாதி பாதி அல்ல. கதீட்ரல் நகரத்தில் இருவர் சேர்ந்து அடைக்கும்போது முறைகள் இரட்டிப்பாகின்றன, மேசையில் மற்றவர்கள் இருவரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்னொரு கூட்டாளி உழவர். உங்கள் நகரத்தை ஒட்டிய வயலில் படுத்திருக்கும் எதிராளிக்கு, அது மூடினால்தான் 3 புள்ளி. கதீட்ரல் நகரம் என்பதால் வயலுக்குக் கூடுதலாக எதுவும் வராது, ஆனால் மூடாவிட்டால் அவருக்கும் ஒன்றுமில்லை. அவரே அடைத்துக் கொடுப்பதும் உண்டு.

9. பெரிய மீப்பிளை எங்கே செலவழிப்பது

பெரிய மீப்பிள் பெரும்பான்மை எண்ணும்போது இரண்டு ஆளாகக் கணக்கு. புள்ளியை இரட்டிப்பாக்காது. இந்தக் குழப்பம் எல்லா மேசையிலும் ஒருமுறையாவது வரும். மற்றபடி சாதாரண மீப்பிள் போலத்தான், புள்ளி எடுத்ததும் கைக்குத் திரும்பும்.

உங்கள் சொந்த நகரத்தில் முதல் ஆளாக இதை வைப்பது வீண்செலவு என்பது என் கருத்து. அதைப் பார்த்ததும் யாரும் கூட்டுச் சேர மாட்டார்கள், உதவி செய்யவும் மாட்டார்கள். எதிராளியின் கதீட்ரல் நகரத்துக்கு அருகே, ஒரு கட்டம் விட்டு, தனி நகரத் துண்டை வைத்து அதில் பெரிய மீப்பிளை நிறுத்துங்கள். நடுக்கட்டத்தில் இரண்டையும் இணைக்கும் டைல் வந்தால் நீங்கள் 2, அவர் 1. நகரம் மூடும்போது எல்லாப் புள்ளியும் உங்களுக்கு, அவருக்கு ஒன்றுமில்லை. ஒரே கவனம்: இணைக்கும் கட்டம் அடுத்தடுத்த இரண்டு பக்கமாக அமையட்டும். அந்த வடிவில் இரண்டும் ஒரே நகரமாக இணைந்த டைல்கள் 10. எதிரெதிராக அமைந்தால் இணைப்பவை 3 மட்டுமே.

இதே தந்திரம் உங்கள் மேலும் பாயும். உங்கள் கதீட்ரல் நகரத்துக்கு ஒரு கட்டம் தள்ளி யாராவது நகரத் துண்டு தொடங்கினால், நடுக்கட்டத்தில் உடனே நீங்கள் அடைக்கும் டைலை வையுங்கள்.

10. விடுதிகள்

ஏரிக்கரை விடுதியை ஒட்டிய சாலை முடிந்தால் டைலுக்கு 2, முடியாவிட்டால் 0. ஒரே சாலையில் இரண்டு விடுதி வந்தாலும் 2-தான். இங்கேயும் பாதி வாய்ப்புதான் எல்லைக்கோடு. சாலையை முடிப்பது நகரத்தைவிட எளிது என்பதால் அதிகம் யோசிக்க வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒன்று: சந்திப்புள்ள டைலில் ஏரி எந்தச் சாலைத் துண்டை ஒட்டியிருக்கிறதோ அந்தத் துண்டுக்கு மட்டுமே விடுதி பொருந்தும். டைலை வைக்கும்போதே அது எது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடுங்கள்.

11. கடைசிச் சுற்றுகளும் புள்ளி எண்ணுவதும்

பையில் 20 டைல் மிச்சம் என்றதும் ஒருமுறை நிறுத்தி, உங்கள் கதீட்ரல் நகரத்தின் திறப்புகளை எண்ணுங்கள். முடியாது என்று தெரிந்தால் அங்கே இனி ஒரு டைலும் போடாதீர்கள். மூடாத சாதாரண நகரத்தில் டைல் சேர்த்தால் ஒரு புள்ளியாவது வரும், இங்கே அதுவும் வராது. அந்த முறைகளை மடாலயத்துக்கும் சாலைக்கும் திருப்புங்கள்.

புள்ளிப் பலகை 50-க்கு ஒரு சுற்று. கதீட்ரல் நகரம் ஒன்று மூடினாலே சுற்று தாண்டலாம். தாண்டிய உடனே 50 அட்டையை எடுத்து முன்னால் வையுங்கள், இரண்டாவது சுற்று தாண்டினால் அதைத் திருப்பி 100. ‘பிறகு எடுத்துக்கொள்கிறேன்’ என்று விட்டால் ஆட்டம் முடிந்து யார் எத்தனை சுற்று என்று வாதம்தான்.

இறுதியில் இந்த வரிசையில் எண்ணினால் தவறு வராது. முதலில் மூடாத கதீட்ரல் நகரங்களிலும் முடியாத விடுதிச் சாலைகளிலும் உள்ள மீப்பிள்களை எல்லாம் புள்ளியில்லாமல் எடுத்துவிடுங்கள். அடுத்து சாதாரணச் சாலை, நகரம், மடாலயம். வயல் கடைசியில். மூடாத கதீட்ரல் நகரத்தை முதலிலேயே காலி செய்துவிட்டால், பழக்கத்தில் யாரும் அதற்கு டைலுக்கு 1 என்று எண்ணமாட்டார்கள். வயலுக்கு எண்ணும்போதும் அது மூடாத நகரம் என்பது மறக்காதபடி, அதன் ஒரு திறப்பில் பையிலிருந்து வெளியே ஒதுக்கிய டைலையோ வேறு ஏதாவது ஒரு அடையாளத்தையோ வையுங்கள்.

பெட்டிக்குள் திரும்ப வைக்கும்போது இரண்டு கதீட்ரலையும் எடுத்து மேலே வையுங்கள். புதிதாக ஒருவர் சேரும் ஆட்டத்தில், அவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற 16 டைல்களோடும் பெரிய மீப்பிளோடும் ஆடலாம். அப்போது பையில் 87.